கொல்நாகோ வாங்குவதென்றால், எந்தக் கொல்நாகோ?

பல ஆண்டுகள் ரோடு பைக் ஓட்டிப் பழகி, கையில் ஓரளவு பணமும் சேர்ந்த பிறகு, இத்தாலியச் சைக்கிள் நிறுவனமான கொல்நாகோவைப் பற்றி, "ஒரு கொல்நாகோ வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது?" என்று எழுதிக் கேட்கும் வாசகர்கள் அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறார்கள். காரணம் தெரிந்ததுதான். ஸ்லோவேனிய வீரர் தாடே பொகாச்சார் 2020, 2021, 2024, 2025 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் டூர் தெ பிரான்ஸை வென்றது கொல்நாகோ வண்டியில். அதற்கு முன் அந்தப் பெயர் பொறித்த வண்டியில் எவரும் டூரை வென்றதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஏனென்றால் அந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பு இந்த வெற்றிகளுக்கு வெகு காலம் முன்பே உருவாகிவிட்டது.

எர்னெஸ்தோ கொல்நாகோ 1954-இல் மிலானுக்கு அருகிலுள்ள கம்பியாகோ என்ற தம் சொந்த ஊரில் ஒரு சிறிய பட்டறையாகத் தொடங்கியது அது. 1970-இல் மிகேலே தான்செல்லி, 17 ஆண்டுகளாக இத்தாலியர் எவருக்கும் கிட்டாத மிலான்–சான்ரெமோ பந்தய வெற்றியை எர்னெஸ்தோவின் வண்டியில் பெற்ற பிறகுதான், சீட்டுக்கட்டின் க்ளாவர் ஏஸ் சின்னம் அந்த வண்டிகளில் ஏறியது. 1972-இல் மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்ததும் எர்னெஸ்தோ செய்து கொடுத்த வண்டியில்தான். நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு 2020-இல் அபுதாபியைச் சேர்ந்த சீமெரா இன்வெஸ்ட்மென்ட்ஸ் கைக்குப் போனது. நிறுவியவர் விலகினார். சின்னம் மட்டும் மாறவில்லை.

வாங்குபவருக்குக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பழைய மரபு, இத்தாலியக் கைவேலை, பொகாச்சாரின் வெற்றி ஆகிய மூன்றும் ஒரே க்ளாவர் சின்னத்தின் கீழ் விற்கப்படுகின்றன. ஆனால் இந்த மூன்றும் இன்று ஒரே ஃபிரேமில் கிடைப்பதில்லை. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யாமல் கடைக்குப் போகிறவர், ஒன்றை நினைத்துக்கொண்டு வேறொன்றை வாங்கித் திரும்புவார்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

விலையை முதல் அளவுகோலாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து, ஏனென்றால் இங்கே விலைச்சீட்டில் தெரிவதைவிடத் தெரியாததே அதிகம். முதலில் பார்க்க வேண்டியது, மேலே சொன்ன மூன்றில் எதற்காக இந்தப் பெயரை விரும்புகிறீர்கள் என்பது. அடுத்து, வாரத்தில் எத்தனை நாள், எவ்வகைச் சாலையில், தனியாகவா குழுவோடா ஓட்டப் போகிறீர்கள் என்பது. மூன்றாவது, உங்கள் ஊரில் அந்த வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கும் அதற்கான உதிரிபாகமும் உண்டா என்பது. நான்காவது, வாங்கிய பின் வரும் செலவு. கடைசியாக, விற்க நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பது. இந்த ஐந்தில் மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். கீழே உள்ள அட்டவணையில் மாஸ்டர், சி68, வி4ஆர்எஸ் மூன்றும் கொல்நாகோவின் மாடல்கள். ரிம் பிரேக் சக்கரத்தின் விளிம்பைப் பிடிப்பது, டிஸ்க் பிரேக் சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பிடிப்பது.

| | பழைய எஃகு (1980கள்) | புதிய மாஸ்டர் | சி68 | வி4ஆர்எஸ் | வேறு நிறுவனக் கார்பன் |
|---|---|---|---|---|---|
| எதைத் தருகிறது | வரலாறு | கைவேலையும் பழைய வடிவமும் | இத்தாலியக் கார்பன் கைவேலை | பந்தய வெற்றி | ஓட்டத்துக்கு வேண்டியது மட்டும் |
| பிரேக் | ரிம் | ரிம் | டிஸ்க் | டிஸ்க் | பெரும்பாலும் டிஸ்க் |
| அகல டயர் | இடமில்லை | மிகக் குறைவு | உண்டு | உண்டு | உண்டு |
| மறைந்த செலவு | அதிகம், முன்கூட்டிச் சொல்ல முடியாது | நடுத்தரம் | அதிகம் | அதிகம் | குறைவு முதல் நடுத்தரம் |
| மறுவிற்பனை | நல்ல நிலையில் இருந்தால் மதிப்பு இறங்காது | மெதுவாக இறங்கும் | இறங்கும் | புதிய மாடல் வந்ததும் வேகமாக இறங்கும் | வேகமாக இறங்கும் |

## 1980களின் பழைய எஃகு வண்டி

வரலாறுதான் வேண்டும் என்றால் இதைவிட நேரான வழி வேறில்லை. 1983-இல் வந்த மாஸ்டர் மாடலின் குழாய்கள் வட்டமாக இல்லாமல், நீளவாக்கில் வரிப்பள்ளங்கள் கொண்டு, குறுக்காக வெட்டிப் பார்த்தால் பூவிதழ் போலத் தெரியும். முறுக்கலைத் தாங்குவதற்காகச் செய்த வடிவம் அது. குழாய்கள் சேரும் இடத்தில் லக் என்ற உறையில் க்ளாவர் வடிவம் வெட்டப்பட்டிருக்கும். அடியில் பெடல் அச்சு போகும் கூட்டிலும் பெயரோ சின்னமோ இருக்கும். வளைவில்லாத நேரான ஃபோர்க், குரோம் பூசிய பின்கால்கள், 1982-இல் உலகப் பட்டம் வென்ற ஜுசெப்பே சரோன்னியின் பெயரால் அறியப்படும் அந்தச் சிவப்பு வண்ணம் ஆகியவற்றைப் பார்த்தே மயங்குகிறவர்கள் பலர். மயங்குவதில் தவறில்லை. ஆனால் பணம் கொடுக்கும் முன் சில இடங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கீழ்க்குழாய் முன்குழாயோடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கத்தில் விரலை மெல்ல ஓட்டுங்கள். நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள் குழாயின் இயல்பு. அவற்றுக்குக் குறுக்காக மெல்லிய மேடோ மடிப்போ தட்டுப்பட்டால், அந்த வண்டி எப்போதோ நேராக எதிலோ மோதியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மடிப்புக்கூட விரலுக்குத் தெரியும். பிறகு சீட் போஸ்டை (இருக்கையைத் தாங்கும் கம்பத்தை) கழற்றி இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். அலுமினியக் கம்பம் எஃகுக் குழாய்க்குள் பல ஆண்டு அசையாமல் இருந்தால் இரண்டும் ஒட்டிப்போகும். அதை எடுக்க முயன்று ஃபிரேமையே இழந்தவர்கள் உண்டு. "என் உயரத்துக்குச் சரியாக இருந்ததால் அசைத்ததே இல்லை" என்று விற்பவர் சொன்னால், விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். குரோம் பூச்சின் கீழ் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால், துரு வெளியே தெரிவதைவிட உள்ளே கூடுதலாக இருக்கும். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஃபிரேமுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் ஊற்றி வைப்பது அங்கே கட்டாயம்.

உதிரிபாகச் சிக்கல் இதற்கு மேல். பெடல் அச்சுக் கூட்டில் இருப்பது இத்தாலிய மரை. 70 மி.மீ. அகலம், இரண்டு பக்கமும் வலது மரை. ஆங்கிலேய முறையில் வலப்பக்கக் கிண்ணம் இடது மரையாக இருப்பதால் மிதிக்க மிதிக்கத் தானாக இறுகும். இத்தாலிய முறையில் அதே கிண்ணம் மெல்லக் கழலப் பார்க்கும். அதனால் அதைச் சரியாக இறுக்கத் தெரிந்த கை வேண்டும், மரை தேய்ந்திருந்தால் திருத்தும் கருவியும் வேண்டும். பின்சக்கரத்துக்கான இடைவெளி இந்தத் தலைமுறையின் முற்பகுதி வண்டிகளில் 126 மி.மீ. பிற்காலச் சக்கரத்துக்கு 130 மி.மீ. தேவை. எஃகு என்பதால் அனுபவமுள்ளவர் விரித்துக் கொடுக்க முடியும், ஆனால் அந்த அனுபவமுள்ளவர் உங்கள் ஊரில் இருக்க வேண்டும். ஹேண்டில்பார் தண்டு, முன்குழாய் பேரிங் எல்லாம் ஒரு அங்குல அளவில் இருக்கும். கிடைக்கும், ஆனால் தேடி வரவழைக்க வேண்டும்.

ஓட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அக்காலப் பற்சக்கரங்கள் முன்னால் 52, 42, பின்னால் பெரும்பாலும் 24 அல்லது 26 பற்களோடு முடிந்துவிடும். முன்னால் 34, பின்னால் 34 என்று பழகிய இன்றைய முழங்கால்கள் மலைச்சாலையில் அந்த வித்தியாசத்தை முதல் வளைவிலேயே உணரும். கியர் மாற்றக் கையைக் கீழ்க்குழாய் வரை கொண்டுபோக வேண்டும் என்பதால், நெருக்கமாகச் செல்லும் குழுவில் இது சௌகரியப்படாது.

இத்தனையும் சொன்ன பிறகும், இந்த ஐந்து வழிகளில் என் மனம் சாய்வது இதன் பக்கம்தான். நல்ல ஃபிரேமை ஐரோப்பியப் பழைய சந்தையில் ஆயிரம், இரண்டாயிரம் யூரோ வட்டத்தில் பார்க்க முடிகிறது, ஒழுங்காக வைத்திருந்தால் அந்த மதிப்பு குறைவதில்லை. தஸ்கனியின் கையோலே ஊரில் 1997 முதல் நடக்கும் லெரோய்கா ஓட்டத்தில் பொதுவாக 1987-க்கு முந்தைய வண்டிகளுக்கே அனுமதி என்பதால், அங்கே போகும் எண்ணம் இருந்தால் இதுவே பொருத்தமான தேர்வு. மாதம் இரண்டு ஞாயிறு, ஆள் நடமாட்டம் குறைந்த சமவெளிச் சாலை, வீட்டில் இன்னொரு வண்டியும் உண்டு என்றால் இதுவே போதும். ஒரே வண்டியாக இதை வைத்துக்கொண்டு தினமும் ஓட்டுவது வேறு கதை, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஃபிரேம்களில் நம்பி ஒப்பிடத்தக்க வரிசை எண் ஒழுங்கு இல்லை. ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். லக்கிலும் கூட்டிலும் உலோகத்திலேயே செய்த வேலைப்பாட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

## இன்று செய்யப்படும் மாஸ்டர்

பழைய வடிவம் பிடிக்கும், ஆனால் பிறர் இடித்த வண்டியை வாங்கப் பயம் என்பவர்களுக்காக அதே பூவிதழ்க் குழாயில் மாஸ்டர் நெடுங்காலமாகத் தொடர்ந்து செய்யப்பட்டு வருகிறது. அடிபடாத ஃபிரேம், உத்தரவாதம், புது வண்ணப்பூச்சு, 130 மி.மீ. பின் இடைவெளி ஆகியவை இதன் நன்மைகள். இன்றைய கியர் தொகுதியைப் பூட்டிவிட்டால் மலை ஏறவும் தடையில்லை. எடை கார்பன் ஃபிரேமைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும், ஆனால் பந்தயம் ஓட்டாதவருக்கு அது எண்ணில் மட்டுமே தெரியும் குறை.

இதன் மறைந்த செலவு பிரேக்கில் இருக்கிறது. உயர்தரக் கியர் தொகுதிகளில் ரிம் பிரேக்குக்கான வழி ஆண்டுக்கு ஆண்டு குறுகி வருகிறது. ஜப்பானியப் பாக நிறுவனமான ஷிமானோ தன் 12 கியர் துரா-ஏஸ், உல்டெக்ரா ஆகிய மின்னணுத் தொகுதிகளில் ரிம் பிரேக்கை விட்டுவைத்தது. அதற்குக் கீழே உள்ள 105 மின்னணுத் தொகுதி டிஸ்க்குக்கு மட்டும்தான். இத்தாலிய நிறுவனமான கம்பன்யோலோவின் 2023 கம்பியில்லாத் தொகுதியும் டிஸ்க்குக்கு மட்டுமே வந்தது. இத்தாலிய ஃபிரேமில் கம்பன்யோலோ பாகங்கள்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர்கள் (அந்தப் பிடிவாதம் எனக்கும் புரிகிறது) பழைய கையிருப்பைத் தேடித்தான் பூட்ட வேண்டியிருக்கும். பத்தாண்டு கழித்துத் தேய்ந்த பாகத்தை மாற்ற நேரும்போது என்ன கிடைக்கும் என்பதை இப்போதே யோசித்து, ஓர் உபரிச் செட்டு வாங்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம். அகல டயருக்கு இடம் மிகக் குறைவு என்பதால், மேடுபள்ளச் சாலைகளில் ஓட்டுபவர்களுக்கு இது ஏற்றதல்ல.

## சி68

1994-இல் வந்த சி40 கார்பன் குழாய்களையும் கார்பன் லக்குகளையும் ஒட்டிச் செய்த வண்டி. எஃகில் பழகிய அதே முறையைப் புதிய பொருளுக்கு மாற்றிய துணிச்சல் அது. கார்பன் கல்பாவிய சாலையில் நொறுங்கிவிடும் என்று பலர் அஞ்சிய காலத்தில், மப்பேய் அணி 1995 முதல் 2000 வரையிலான ஆறு பாரிஸ்–ரூபே போட்டிகளில் ஐந்தை வென்றதும் அந்த அச்சம் போனது. 2022-இல் வந்த சி68 அந்த வரிசையின் வாரிசு. துண்டுகளாகச் செய்து ஒட்டும் முறை இன்னும் இருக்கிறது, ஆனால் இணைப்புகள் வெளியே தெரியாதபடி மறைக்கப்பட்டுவிட்டன. முன்குழாய்க்குள் ஒரு சிறிய கருவித் தொகுப்பை ஒளித்து வைத்திருக்கிறார்கள், அழகான யோசனை.

எடைபோடும்போது இதுதான் என்னைத் திணற வைக்கிறது. முழு வண்டியாக விலை 10,000 யூரோவை எளிதில் தாண்டும். கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இத்தாலியில் கையால் செய்யப்படுவதற்காக. ஆனால் அந்தக் கைவேலையின் அடையாளமான லக்கை மறைத்துவிட்ட பிறகு, தள்ளி நின்று பார்ப்பவருக்கு இதற்கும் அச்சில் வார்த்த வண்டிக்கும் வேறுபாடு தெரிவதில்லை. வேகத்திலும் எடையிலும் தன் வீட்டு வி4ஆர்எஸ்ஸிடமே தோற்கும். இதற்கு நியாயம் சொல்லக்கூடிய நிலை ஒன்று உண்டு. உடல் அளவு வழக்கமான அச்சுகளில் பொருந்தாதவர்களுக்குத் துண்டு துண்டாகச் சேர்க்கும் முறை இடம் கொடுக்கும். இன்னொன்று, இத்தாலியில் செய்தது என்பது உங்களுக்கு உண்மையிலேயே முக்கியம், பணமும் உண்டு, வண்டியைப் பதினைந்து ஆண்டு மாற்றப் போவதில்லை என்ற நிலை. இரண்டும் இல்லாதவர் இதைத் தவிர்க்கலாம்.

## வி4ஆர்எஸ்

பொகாச்சார் 2024-இல் ஜீரோ தி இத்தாலியா, டூர், உலகப் பட்டம் ஆகிய மூன்றையும் ஒரே ஆண்டில் வென்ற வண்டி இது. ஒரே அச்சில் வார்த்த ஃபிரேம், எடை ஒரு கிலோவுக்கும் வெகு கீழே, 32 மி.மீ. டயர் வரை இடம். இது இத்தாலியில் செய்யப்படுவதில்லை, ஆசியாவில் உற்பத்தியாகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, கார்பனை அச்சில் வார்ப்பதில் தைவானை மிஞ்ச ஆளில்லை. ஆனால் "மரபு" என்று நினைத்து இதை வாங்குபவர் ஏமாறுவார், "உலகின் மிகச் சிறந்த வீரர் ஓட்டியது" என்று நினைத்து வாங்குபவர் ஏமாற மாட்டார்.

செலவுகள் பராமரிப்பில் வெளிப்படும். பிரேக் குழாய்கள் ஹேண்டில்பாருக்குள் புகுந்து முன்குழாய் பேரிங் வழியாக இறங்குகின்றன. ஆகவே மழையில் ஓட்டி அந்தப் பேரிங் கெட்டுவிட்டால், குழாயைத் துண்டித்து, பேரிங்கை மாற்றி, மறுபடி இணைத்து, எண்ணெய் ஏற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பழைய வண்டியில் அரை மணி நேர வேலை, இங்கே அரை நாள். ஹேண்டில்பாரும் தண்டும் ஒரே துண்டாக வருவதால் கைநீட்டம் ஒரு சென்டிமீட்டர் கூடிவிட்டாலும் மொத்தமாக மாற்ற வேண்டும். அந்தத் துண்டின் விலை பலரின் முதல் சைக்கிள் விலையைவிட அதிகம். வாங்கும்போதே உடல் அளவெடுத்து, தேவையான நீளத்தைக் கடைக்காரரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். சீட் போஸ்டும் இந்த வண்டிக்கே உரிய வடிவம், வெளியில் கிடைக்காது. 2025-இல் வி5ஆர்எஸ் வந்துவிட்டதால் இதன் பழைய சந்தை விலை இறங்கத் தொடங்கியது. வாங்குபவருக்கு அது நல்ல செய்தி, ஏனென்றால் அங்கீகரிக்கப்பட்ட கடையில் மிஞ்சிய கையிருப்பு நியாயமான விலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். கார்பன் கொல்நாகோவுக்கும் போலிகள் உண்டு, நம்ப முடியாத விலையில் வருவதை நம்ப வேண்டாம்.

அளவைப் பற்றி இங்கே எச்சரிக்க வேண்டும். கொல்நாகோவின் முந்தைய சாய்வு வடிவ ஃபிரேம்களில் எண்ணோடு ஓர் எஸ் சேர்த்து எழுதும் வழக்கம் நீண்டகாலம் இருந்தது. 52எஸ் என்பது பிற நிறுவனங்களின் 52 அல்ல, ஏறத்தாழ 56-க்கு நிகர். எண்ணை மட்டும் பார்த்து இணையத்தில் ஆர்டர் செய்தால் பெரிய வண்டி வீடு வந்து சேரும்.

## கொல்நாகோவே வேண்டாம் என்றால்

ஓட்டம் மட்டுமே நோக்கம் என்றால் ஜயன்ட், கேன்யன், ட்ரெக், ஸ்பெஷலைஸ்டு ஆகியவற்றின் நடுத்தரக் கார்பன் வண்டி வி4ஆர்எஸ்ஸின் பாதி விலைக்கும் குறைவாக, அதன் பயனில் பெரும்பகுதியைத் தந்துவிடும். 105 கியர் தொகுதியும் நல்ல டயரும் போதும். ஊரில் கிளைக் கடை உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நேரடியாக இணையத்தில் விற்பவர்களிடம் விலை குறைவு, ஆனால் உத்தரவாதக் கோரிக்கைக்குப் பெட்டி கட்டி அனுப்ப வேண்டியது உங்கள் பொறுப்பு. இவையும் நேற்று முளைத்தவை அல்ல. ஜயன்ட் 1972-இல் தொடங்கியது, 1997-இல் அது கொண்டுவந்த சாய்வு வடிவ டிசிஆர் ஃபிரேமைத்தான் பிறகு உலகமே, கொல்நாகோ உட்பட, ஏதோ ஒரு வகையில் பின்பற்றியது. கௌரவத்துக்காக மட்டும் மரபுப் பெயரை நாடுகிறவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

## எவருக்கு எது

பந்தயத்தில் இறங்குகிறவர், வி4ஆர்எஸ் வாங்கப் பணம் இருந்தாலும், முதலில் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். விழுந்து ஃபிரேம் உடைந்தால் அதே ஆண்டில் இன்னொன்று வாங்க முடியுமா? முடியாதென்றால் பந்தயத்துக்கு வேறு நிறுவனத்தின் வண்டியே சரி. ஒரே வண்டிதான் வைக்க இடமும் அனுமதியும் உண்டு, நல்ல சாலை, எஃகின் ஓட்டம் பிடிக்கும் என்பவருக்குப் புதிய மாஸ்டர் பொருந்தும். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டிப்போய்ப் பொது இடத்தில் நிறுத்துகிறவர் இந்தப் பட்டியலில் எதையும் வாங்கக் கூடாது.

மற்ற பெரும்பாலோருக்கு நான் சொல்வது சற்று வேறானது. சி68-க்கு ஒதுக்கிய பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பகுதியில் 32 மி.மீ. டயர் போடத்தக்க, 105 பூட்டிய சாதாரணக் கார்பன் வண்டி ஒன்றை வாங்கி அதையே வாரம் முழுவதும் ஓட்டுங்கள். இன்னொரு பகுதியில் அடிபடாத பழைய மாஸ்டர் ஃபிரேம் ஒன்றை அவசரப்படாமல் தேடுங்கள். சரியான அளவில், ஒட்டாத சீட் போஸ்டோடு, மடிப்பில்லாத கீழ்க்குழாயோடு கிடைக்க ஓராண்டுகூட ஆகலாம். கிடைத்ததும் முதல் வேலையாகப் பெடல் அச்சுக் கூட்டைப் பிரித்து மரையைப் பார்த்து, உள்ளே துருத்தடுப்பு எண்ணெய் விட்டு, பிறகு பாகங்களைப் பூட்டுங்கள். இரண்டையும் சேர்த்தாலும் பெரும்பாலும் மீதிப் பணம் இருக்கும். அதை நல்ல சக்கரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.